ஹட்டனில் பன்னிரண்டு சனிக்கிழமைகள்: ஒரு தரவுப் பகுப்பாய்வு வகுப்பைப் பற்றி

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு பாமசியின் மேல்மாடியில் இயங்கும் தனியார் பயிற்சி நிலையம் ஒன்று, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாணவர்களுக்கென ஒரு தரவுப் பகுப்பாய்வுப் பயிற்சிநெறியை நடத்தி வருகின்றது. பன்னிரண்டு சனிக்கிழமைகள், காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை. கட்டணம் 22,000 ரூபாய், இரண்டு தவணைகளில் செலுத்தலாம். நான் டிக்கோயாப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் கற்பிக்கின்றேன். என்னிடம் படித்த நான்கு பிள்ளைகள் இதில் சேர விரும்பினார்கள். அவர்களுடைய பெற்றோர் "டீச்சர் பார்த்துச் சொன்னா சரி" என்று பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டதால், ஐந்தாவது ஆளாக நானும் பணம் கட்டி வகுப்பில் உட்கார்ந்தேன். நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நிறைகளோடு குறைகளையும் எழுதப்போவதே காரணம். ஹட்டனில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன அடையாளமே போதும்.

முதல் ஆறு வாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எக்செல், பைதன் மொழியின் அடிப்படைகள், அட்டவணையை வாசித்தல், வரைபு கீறுதல் என எங்கும் கற்பிக்கப்படுபவையே இங்கும் கற்பிக்கப்பட்டன. பொறுமையுள்ள பிள்ளை அவற்றை யூடியூப்பில் இலவசமாகவே கற்றுக்கொள்ளலாம். கட்டணத்துக்குப் பெறுமதி சேர்ப்பது ஏழாம் வாரத்தில் தொடங்கும் இறுதிச் செயற்றிட்டம். அமெரிக்கக் காற்பந்தாட்டத்தின் தொழில்முறை லீக்கான என்.எப்.எல். ஆண்டுதோறும் பல்கலைக்கழக அணிகளிலிருந்து இளம் வீரர்களைத் தெரிவு செய்கின்றது. டிராப்ட் எனப்படும் அந்தத் தெரிவில் எடுக்கப்பட்டவர்களுள் யார் பிற்பாடு சோபிப்பார்கள் என்பதை எதிர்வுகூறும் ஒரு புள்ளிவிபர மாதிரியுருவை மாணவர்கள் தாமே கட்டியெழுப்ப வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்டது எரிச்சல்தான். தேயிலை ஏல விலை இருக்கின்றது, மழைவீழ்ச்சிப் பதிவு இருக்கின்றது. அவற்றை விட்டுவிட்டு இங்கே எவரும் பார்த்திராத ஒரு விளையாட்டை எதற்காக எடுக்க வேண்டும் என்று இடைவேளையில் விரிவுரையாளரிடம் கேட்டேன். பேராதனையில் புள்ளிவிபரவியல் படித்த இளைஞர் அவர். "தெரிஞ்ச விஷயத்தை எடுத்தா எல்லாருக்கும் முதலே ஒரு முடிவு இருக்கும் டீச்சர். இதுல யாருக்கும் பிடிச்ச அணி இல்ல, தரவை மட்டுந்தான் பார்க்க வேணும்" என்றார். அதோடு, என்.எப்.எல்.வேர்ஸ் என்ற திறந்த தொகுப்பில் பல ஆண்டுகளின் தெரிவுப் பட்டியலும் உடற்திறன் சோதனை அளவீடுகளும் ஒழுங்குபடுத்தப்பட்ட அட்டவணைகளாக இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த இரண்டாவது காரணத்தை மறுக்க என்னால் முடியவில்லை. நம்மூர்த் தரவை ஒரு வகுப்புக்கு உகந்த வடிவில் பெறுவதற்கு எத்தனை கடிதம் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

விளையாட்டை விளங்கப்படுத்த அவர் அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கவில்லை. காற்பந்தாட்டம் என்றதும் பிள்ளைகள் உருண்டைப் பந்தைத்தான் நினைத்திருந்தார்கள். திரையில் நீள்வட்டப் பந்து தெரிந்தவுடன், கண்டி நித்தவலை மைதானத்தில் றக்பி பார்த்திருந்த ஒரு பையன் "இது தலைக்கவசம் போட்ட றக்பி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். வகுப்புக்கு அதுவே போதுமானதாக இருந்தது. டிராப்ட் என்ற முறை அவ்வளவு புதிதாகவும் இருக்கவில்லை, லங்கா பிரீமியர் லீக்கின் ஆரம்ப ஆண்டுகளில் அதைப் பார்த்திருந்தார்கள். என்.எப்.எல். தனது முதலாவது டிராப்டை 1936 இல் நடத்தியது. இன்று 32 அணிகள் ஏழு சுற்றுகளில் ஏறத்தாழ 250 முதல் 260 வரையான வீரர்களைத் தெரிவு செய்கின்றன; முந்திய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கே முதல் வாய்ப்பு, அந்த வாய்ப்பை அது இன்னோர் அணிக்குக் கைமாற்றவும் செய்யலாம்.

இந்தத் தெரிவு எவ்வளவு தூரம் பிழைக்கக்கூடியது என்பதற்கு அவர் காட்டிய உதாரணங்கள் பிள்ளைகளை நிமிர்ந்து உட்கார வைத்தன. 2000 ஆம் ஆண்டில் ஆறாம் சுற்றில், 199 ஆவது ஆளாகத் தெரிவான டொம் பிரேடி பின்னர் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் போலில் ஏழு வெற்றிகளைப் பெற்றார். 1998 இல் பெய்டன் மானிங்குக்கு அடுத்ததாக, இரண்டாவது ஆளாகத் தெரிவான ரையன் லீஃப் சில ஆண்டுகளிலேயே களத்தை விட்டு மறைந்தார். 2007 இல் முதலாவதாகத் தெரிவான ஜமார்கஸ் ரசல் 2009 க்குப் பிறகு ஆடவேயில்லை. 2022 இல் கடைசி ஆளாக, 262 ஆவதாக எடுக்கப்பட்ட புரொக் பர்டி இரண்டே பருவங்களில் தன் அணியைச் சூப்பர் போல் வரை கொண்டு சென்றார்.

இங்கே நிலையத்தின் விளம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். படிக்கட்டில் ஒட்டியிருந்த சுவரொட்டியில், முன்னைய வகுப்பினர் செய்த மாதிரியுரு "90 வீதம் சரியாக எதிர்வுகூறியது" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். நூறு வீரர்களில் பத்துப் பேர் மட்டுமே நட்சத்திரங்களாக வருவார்கள் என்று வைத்துக்கொண்டால், நூறு பேரையும் பார்த்து "தேறமாட்டார்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஓர் இயந்திரமும் 90 வீதம் சரியாகத்தான் சொல்லும். தேறிய பத்துப் பேரில் ஒருவரைக்கூட அது கண்டுபிடித்திராது. இதை வகுப்பில் விளக்கியவரும் அதே விரிவுரையாளர்தான் என்பதை நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். விளக்கிய பின்னரும் சுவரொட்டி படிக்கட்டில் அப்படியே இருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

என்.எப்.எல். உடற்திறன் சோதனை ஒவ்வோர் ஆண்டும் இண்டியானாபொலிஸ் நகரில் நடைபெறுகின்றது. 40 யார் ஓட்டம், 225 இறாத்தல் பாரத்தை எத்தனை முறை தூக்குகிறார் என்ற கணக்கு, நின்ற இடத்திலிருந்து மேலே பாய்தல், முன்னே பாய்தல், திசை திரும்பி ஓடும் இரண்டு ஓட்டங்கள் ஆகியவையே அதன் முக்கிய அளவீடுகள். 2024 இல் சேவியர் வர்த்தி 40 யார் தூரத்தை 4.21 செக்கனில் ஓடியது இதுவரையான சாதனை. டொம் பிரேடிக்கு அதே தூரத்துக்கு 5.28 செக்கன் எடுத்தது. ஒன்பதாம் வாரத்தில் மழை விட்டிருந்த ஒரு நேரம் பார்த்து, விரிவுரையாளர் எங்களை டன்பார் மைதானத்துக்கு அழைத்துச் சென்று, அளவு நாடாவால் 36.6 மீற்றர் அளந்து, இரண்டு பையன்களை ஓடவிட்டு, மூன்று பேரைக் கைத்தொலைபேசியில் நேரம் எடுக்கச் சொன்னார். ஒரே ஓட்டத்துக்கு மூன்று பேரும் சொன்ன நேரங்களுக்கிடையே கால் செக்கன் வித்தியாசம் இருந்தது. நல்ல வீரரையும் நடுத்தர வீரரையும் பிரிப்பதாகச் சொல்லப்படுவது பத்தில் ஒரு செக்கன். அளவீட்டு வழு என்ற தலைப்பை நான் பதினைந்து ஆண்டுகளாகக் கரும்பலகையில் கற்பித்து வருகின்றேன். சேறு ஒட்டிய சப்பாத்துகளோடு திரும்பி நடந்து வந்தபோது பிள்ளைகள் அதைப் பற்றித் தமக்குள் வாதாடிய மாதிரி என் வகுப்பில் ஒருபோதும் வாதாடியதில்லை.

மாதிரியுருவைக் கட்டும் வேலையில் முதலில் வந்த முட்டுக்கட்டை, எல்லா வீரர்களையும் ஒரே கும்பலாகச் சேர்த்தபோது வந்தது. மெதுவாக ஓடுபவர்களே அதிகம் சோபிப்பதாக ஒரு நிலையில் வரைபு காட்டியது. முன்னரணில் நின்று மோதும் கனத்த வீரர்கள் 140 கிலோவைத் தாண்டுவார்கள், வேகமாக ஓடுவது அவர்களுடைய வேலையன்று. ஓரத்தில் ஓடிப் பந்து பிடிப்பவருக்கோ வேகமே பிழைப்பு. இந்த இரு சாராரையும் ஒரே அளவுகோலில் நிறுத்தக் கூடாது என்பதை விளக்க விரிவுரையாளருக்கு ஒரு வசனமே தேவைப்பட்டது: "இசட் புள்ளி எதுக்குப் போடுறாங்க?" பௌதிகவியலில் எடுத்த 60 உம் வேறொரு பாடத்தில் எடுத்த 60 உம் ஒன்றல்ல என்பதை, பாடத்தின் இடையை, அதாவது சராசரியை, கழித்து நியம விலகலால் வகுத்துத்தான் ஒப்பிட வேண்டும் என்பதை, பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குள் வருவதால் இந்தக் கணக்கு எங்கள் வீடுகளில் சோற்றுக்கு அடுத்ததாகப் பேசப்படுவது. 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களில் தோற்றியவர்களை ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்ததையும், அவர்கள் இரு வேறு கூட்டத்தினர் எனக் கொண்டு வெவ்வேறாகக் கணிக்குமாறு 2012 இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டதையும் நான் எடுத்துச் சொன்னேன். அதன் பிறகு ஒவ்வொரு வீரரின் ஓட்ட நேரமும் அவருடைய நிலையில் ஆடுபவர்களுடைய இடையோடு மட்டுமே ஒப்பிடப்பட்டது. வரைபும் ஒழுங்குக்கு வந்தது.

அடுத்த சிக்கல் வெற்றுக் கட்டங்கள். சோதனைக்கு வந்தும் பல வீரர்கள் ஓடுவதில்லை. 2024 இல் முதலாவதாகத் தெரிவான கேலப் வில்லியம்ஸ் அவ்வாறு எந்தச் சோதனையிலும் பங்கேற்காதவர். தன் இடம் உறுதியென்று அறிந்தவருக்கு ஓடிக் காட்டி இழப்பதற்கு மட்டுமே ஏதாவது இருக்கின்றது. காயமடைந்தவர்களும் ஓடுவதில்லை. கைநூலில் தரப்பட்டிருந்த வழிமுறை, வெற்றுக் கட்டங்களையெல்லாம் இடையால் நிரப்பிவிடு என்பது. அப்படிச் செய்தால் மிகச் சிறந்தவரும் காயமடைந்தவரும் ஒன்றாக நடுத்தர ஓட்டக்காரர்களாகிவிடுவார்கள். இது கைநூலின் குறை. விரிவுரையாளர் பிறகு "ஓடவில்லை" என்பதையே தனியொரு மாறியாகச் சேர்க்கச் சொல்லிச் சரிசெய்தார். வரவுப் பதிவேட்டில் இடப்படும் "வரவில்லை" என்ற குறியே சில பிள்ளைகளைப் பற்றி அவர்களுடைய புள்ளிகளைவிடக் கூடுதலாகச் சொல்லும் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரிந்ததுதான்.

இன்னொரு தவறு அவருடையதே. முதலில் கட்டிய மாதிரியுருவில் ஒரு வீரர் எத்தனை போட்டிகளில் ஆடினார் என்ற நிரலும் உள்ளீடாகச் சேர்ந்திருந்தது. விடைகள் வியக்கத்தக்க வகையில் பொருந்தின, வகுப்பே கைதட்டியது. டிராப்ட் நடக்கும் நாளில் அந்த எண் எவருக்கும் தெரிந்திருக்க முடியாதே என்று மஸ்கெலியாவிலிருந்து வரும் பையன் கேட்டபோதுதான் கைதட்டல் நின்றது. அதை இந்தத் துறையில் கசிவு என்கிறார்கள். வினாத்தாள் கசிவைப் பற்றிக் கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை விளக்கவே தேவைப்படவில்லை. அதன் பின்னர் 2000 முதல் 2014 வரையான தெரிவுகளைக் கொண்டு மாதிரியுருவைப் பயிற்றி, அது கண்டிராத 2015 முதல் 2019 வரையான தெரிவுகளில் சோதிப்பது என்று திருத்தினார்கள். எழுமாறாகக் கலந்து பிரிப்பதைவிட ஆண்டுவாரியாகப் பிரிப்பதே சரியென்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தவறால் ஒன்றரைச் சனிக்கிழமை வீணாயிற்று.

இனி, இந்தப் பயிற்சிநெறியில் பணம் கட்டியதற்காக நான் மகிழ்ந்த நாளைப் பற்றி. அன்று பேசப்பட்டது, வெற்றி என்று எதைச் சொல்வது என்பதைப் பற்றி. நட்சத்திர ஆட்டமான புரோ போலுக்குத் தெரிவாவதா, அணியில் தொடக்க வீரராக ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையா, அல்லது புரோ ஃபுட்போல் ரெபரன்ஸ் தளம் ஒவ்வொரு வீரரின் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரே எண்ணாகக் கணித்துத் தரும் அண்ணளவுப் பெறுமானமா என்ற வாதத்தின் பின், அந்தப் பெறுமானத்தின் முதல் நான்கு ஆண்டுக் கூட்டுத்தொகையை எடுப்பதென்று முடிவாயிற்று. புதிய வீரரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள் என்பதும், இன்னும் ஆடிக்கொண்டிருப்பவரின் முழு வாழ்க்கையையும் அளக்க முடியாது என்பதும் அதற்குக் காரணங்கள். விரிவுரையாளர், ஒருவர் எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்ற தெரிவு இலக்கத்துக்கு எதிரே அந்தத் தொகையைக் குறித்து வரைந்தார். முதல் தெரிவுகளில் உயரமாகத் தொடங்கிய வளைகோடு இறுதிச் சுற்றுகளை நோக்கிச் சரிந்தது. அணிகளின் தெரிவாளர்கள் மொத்தத்தில் கெட்டிக்காரர்கள் என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. பின்வரிசையில் இருந்து, ஆறு வாரமாக வாய் திறக்காத ஒரு மாணவி கையை உயர்த்தினாள்.

"சேர், மொதல்ல எடுத்தவங்களத்தானே கூட நேரம் வெளையாட விடுவாங்க? அப்ப புள்ளி கூட வரும்தானே?"

அவர் யோசித்தார். அவள் விடவில்லை. "எங்கம்மாவுக்கு நல்ல நெர கெடச்சா கிலோ வரும் சேர். ஓரத்து நெர கெடச்சா அரப் பேருதான். அதுக்காக அம்மாவுக்குக் கொழுந்து எடுக்கத் தெரியாதுன்னு சொல்ல ஏலாதுதானே?"

மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக: கொழுந்து பறிக்கும் மலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை பிரித்துக் கொடுக்கப்படும். செழித்த செடிகள் நிற்கும் நிரையும் உண்டு, பாறையும் வெறுமையுமான நிரையும் உண்டு. தோட்டம் விதித்த கிலோவை எடுத்தால் அன்றைக்கு ஒரு பேர், அதாவது முழு நாட் சம்பளம்; எடுக்காவிட்டால் அரைப் பேர். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு காட்டும் எண்ணுக்குள் கையின் திறமையும் நிரையின் செழிப்பும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. சம்பளப் பட்டியலில் அந்த எண் மட்டுமே ஏறும். முதற் சுற்றில் எடுத்த வீரருக்குப் பெருந்தொகை கொடுத்துவிட்ட அணி, அவர் தடுமாறினாலும் மேலும் இரண்டு பருவங்களுக்குக் களத்தில் வைத்திருக்கும். ஆறாம் சுற்றில் வந்தவர் இரண்டு போட்டிகளில் தடுமாறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த வளைகோட்டில் எவ்வளவு திறமை, எவ்வளவு நிரை என்பதைத்தான் அந்தப் பிள்ளை கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை விரிவுரையாளர் ஆயத்தத்தோடு வந்தார். பெரி ஸ்டோ, ஹா ஹோங் ஆகிய இருவர் 1995 இல் அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர்களை ஆராய்ந்து, ஆட்டத் திறனைக் கணக்கில் எடுத்துக் கழித்த பின்னரும் முன்கூட்டித் தெரிவானவர்களுக்கே கூடுதல் ஆட்ட நேரம் கொடுக்கப்பட்டதைக் காட்டியிருக்கிறார்கள். டேவிட் பெரி, ரொப் சிம்மன்ஸ் ஆகியோர் என்.எப்.எல். அணிகளில் பந்தெறிந்து ஆட்டத்தை வழிநடத்தும் குவாட்டர்பெக் வீரர்களைப் பற்றி 2011 இல் வெளியிட்ட ஆய்வில், தெரிவு இலக்கம் எவ்வளவு ஆட வாய்ப்புக் கிடைக்கின்றது என்பதோடு தொடர்புபடுகின்றதே தவிர, ஆடும் ஒவ்வொரு முறையும் எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்பதோடு பெரிதாகத் தொடர்புபடவில்லை எனக் கண்டிருக்கிறார்கள். தன் கேள்வியைப் பேராசிரியர்கள் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள் என்று கேட்டபோது அந்த மாணவியின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். தான் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே கேட்டுவிட்டார்களே என்று அவளுக்குச் சற்று ஏமாற்றமும் இருந்தது.

இறுதிப் பெறுபேறு பெருமைப்படும்படி இருக்கவில்லை, அதுவே இதன் நேர்மை. ஆறு சோதனைகள், உயரம், நிறை, வயது, கல்லூரி ஆட்டப் பதிவு என எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய மாதிரியுருவைத் தெரிவு இலக்கம் என்ற ஒரே மாறியைக் கொண்ட மாதிரியுரு வென்றது. 32 அணிகளின் தெரிவாளர்களும் வைத்தியர்களும் நேர்முகங்களும் சேர்ந்து கண்டறிந்தவை அந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்கியிருப்பது ஒரு காரணம்; நிரை மற்றக் காரணம். ஆடிய போட்டிக்கு எவ்வளவு பெறுமானம் என்று வகுத்துப் பார்த்தபோது அந்த எண்ணின் வலிமை குறைந்தது, ஆனால் மறையவில்லை. ஆடவே விடப்படாதவர்களைப் பற்றி இந்த வகுத்தலும் ஒன்றும் சொல்லாது என்பதைப் பிள்ளைகள் தமது அறிக்கையில் எழுதியிருந்தார்கள். 1994 இல் எந்த அணியும் தெரிவு செய்யாமல் விட்ட கேர்ட் வோர்னர், பல்பொருள் அங்காடியில் தட்டுகளில் பொருட்களை அடுக்கும் வேலை பார்த்து, பின்னர் 1999 பருவத்தின் மிகப் பெறுமதிமிக்க வீரராகவும் சூப்பர் போல் வெற்றியாளராகவும் ஆனவர். எந்த ஆண்டின் தெரிவுப் பட்டியலிலும் அவர் பெயரே இல்லை. கேட் மாஸியும், 2017 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் இந்த டிராப்டை ஆராய்ந்து, ஒரு நிலையில் தெரிவான வீரர் அதே நிலையில் அவருக்கு அடுத்துத் தெரிவானவரைவிடச் சிறந்தவராக அமையும் வாய்ப்பு நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல் என்று காட்டியிருக்கும்போது, ஹட்டனில் ஒரு மாடியறையில் பதினான்கு பிள்ளைகள் அதை வென்றிருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

கற்பித்தலைப் பற்றி இவ்வளவு நல்லது எழுதியபின் நிர்வாகத்தைப் பற்றி எழுதக் கைக்குச் சங்கடமாகத்தான் இருக்கின்றது. தமிழ்மொழி மூலம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட வகுப்பில் திரையில் காட்டியவையும் கைநூலும் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தன. விரிவுரையாளர் தமிழில் நன்றாகவே விளக்கினார். ஆயினும், நியம விலகல் என்று படித்துப் புள்ளி எடுத்த பிள்ளை அதன் ஆங்கிலப் பெயரைத் திரையில் கண்டு புதிய பாடமென நினைத்துத் திகைப்பதை நான் பல தடவை பார்த்தேன். மூன்றாம் வாரம் நானே நாற்பது சொற்களுக்கு ஓர் அட்டவணை எழுதிப் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்தேன். அந்த அட்டவணையை நிலையம் இப்போது தன் கைநூலில் சேர்த்திருப்பதாகக் கேள்வி. என்னிடம் எவரும் கேட்கவில்லை, பயன்பட்டால் சரி.

பதினான்கு பேருக்கு ஆறு கணினிகள்தான் இருந்தன. அவற்றில் ஒன்று திறக்கப் பத்து நிமிடம் எடுக்கும். செயற்றிட்டம், இணையத்திலேயே நிரலை ஓட்டும் கூகுள் கொலாப்பில் நடந்ததால் பழைய கணினியே போதுமாக இருந்தது என்பது உண்மை, என் மாணவன் ஒருவன் உடைந்த திரையுள்ள கைத்தொலைபேசியிலேயே பாதி வேலையை முடித்தான். ஆனால் நிலையத்தின் இணைய இணைப்பு மழை நாட்களில் அறுந்துவிடும். ஹட்டனில் மழையில்லாத சனிக்கிழமையை எண்ணிப் பார்க்க ஒரு கை போதும். இரண்டு நாட்கள் என் தொலைபேசியின் டேட்டாவில் ஐந்து பேர் வேலை செய்தோம்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எட்டாம் வாரம் இரண்டாவது தவணையைக் கட்டாத ஒரு பையனை வகுப்புக்குள் விடாமல் வரவேற்பு மேசையருகே நிறுத்தி வைத்ததைப் பொறுக்க முடியவில்லை. தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதிதான் வரும் என்று அவன் சொல்லியிருக்கின்றான். தவணைத் திகதி ஐந்து என்று பதில் வந்திருக்கின்றது. விரிவுரையாளர் வெளியே வந்து தன் பொறுப்பில் அவனை உள்ளே கூட்டிச் சென்றார். மலையகத்தில் மாணவர்களிடம் பணம் வாங்கி நடத்தும் ஒரு நிலையம் சம்பள நாளைப் பார்த்துத் தவணை வைக்கத் தெரியாமல் இருப்பது வெறும் அசிரத்தை. சான்றிதழும் ஏழு வாரம் தாமதித்தே வந்தது. "சர்வதேச அங்கீகாரம் பெற்றது" என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள்; எந்த நிறுவனத்தின் அங்கீகாரம் என்று இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் தேநீர் தந்தார்கள்.

ஆகவே, வேலைக்கு உதவும் சான்றிதழ் வேண்டுமென்று வருபவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல்கலைக்கழக அனுமதி வரும்வரை வீட்டில் காத்திருக்கும், கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளையை, அந்த விரிவுரையாளர் அங்கே இருக்கும்வரை, தயங்காமல் அனுப்பலாம். 22,000 ரூபாய் கூடுதல்தான். 15,000 என்றால் மனம் ஆறியிருக்கும். இரண்டு தவணையையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டாயிரம் குறைப்பார்கள், ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள்.

2025 ஏப்ரலில் கிரீன் பே நகரில் நடந்த டிராப்டில் தெரிவானவர்களுக்கும் பிள்ளைகள் தமது மாதிரியுருவை ஓட்டி, ஒவ்வொரு நிலையிலும் தெரிவு இலக்கம் சொல்வதைவிடக் கூடுதலாகச் சோபிப்பார் என அது சொல்லும் ஒருவரைக் குறித்து, பதினான்கு பேரும் கையொப்பமிட்டு என்னிடம் தந்திருக்கிறார்கள். நான்காவது பருவமான 2028 முடிந்த பிறகுதான் திருத்த முடியும். இப்போதைக்கு அது எங்கள் பாடசாலையின் கணித அலுமாரியில், பெரிய மரக் கவராயத்துக்குக் கீழே கிடக்கின்றது.

அடுத்த வகுப்புக்குப் பெயர் பதிகிறார்கள். பணம் கட்டுமுன் மூன்று விடயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அதே விரிவுரையாளர்தானா, கைநூல் தமிழில் வந்துவிட்டதா, தவணைத் திகதி பத்துக்குப் பிறகா. மஸ்கெலியா, சாமிமலைப் பக்கமிருந்து வருபவர்கள் ஒரு மணிக்கு வகுப்பு முடியும் என்பதை நம்பி பஸ்ஸுக்கு நேரம் பார்க்க வேண்டாம். ஒன்றரைக்கு முன் நாங்கள் ஒரு நாளும் படியிறங்கியதில்லை.